மின்தேக்கியின் மறதி

...செத்துத்தான் கிடந்தது, ஐயத்துக்கு இடமே இல்லை, ஒருமுறைக்கு இருமுறை மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்துவிட்டாள், உள்ளங்கையளவே இருந்த அந்தச் சிறு கணினிப் போர்டின் திரையில் அதே வரிதான் மீண்டும் மீண்டும் வந்தது, இரண்டாயிரமாம் ஆண்டு, ஜனவரி ஒன்று, மணி சுழியம், நிமிடம் சுழியம், பிறகு நொடிகள் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என, நேற்றென்று ஒன்று இருந்ததையே அறியாத குழந்தை விரல்விட்டு எண்ணுவதுபோல எண்ணத் தொடங்கின. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளி மின்சாரத்தை அறுத்து, நாற்பத்தைந்து டிகிரியில் காயும் இந்த வெப்பப் பெட்டிக்குள் அதை வைத்துப் பூட்டியவள் அவளே, ஒரு துளி மின்சாரமும் வெளியிலிருந்து வராமல் அதன் கடிகாரம் எழுபத்திரண்டு மணி நேரம் ஓட வேண்டும், ஓடினால் தேர்ச்சி, நின்றால் தோல்வி என்று படிவத்தில் எழுதியவளும் அவளே, இன்று திங்கட்கிழமை, மணி பத்தாகி ஐந்து நிமிடம், கடிகாரம் எப்போதோ நின்றிருக்கிறது, ஆக, அத்தானின் போர்டு தோற்றுவிட்டது. தோற்றுவிட்டது... அந்தச் சொல்லை உரக்கச் சொல்லவில்லை, கற்கண்டைக் கடிக்காமல் நாவின்மேல் கரைய விடுவதுபோல உள்ளேயே வைத்துக்கொண்டாள், ஏழாண்டு நோன்பிருந்தவளுக்கு முதல் வாய் இவ்வளவு மெல்லத்தான் இறங்க வேண்டும், அவசரம் எதற்கு, கூட்டம் பன்னிரண்டு மணிக்குத்தானே, அதுவரை ஆற அமரச் சுவைக்கலாமே.

சுவருக்கு அப்பால், பார்வையாளர் அறையில், அவர் வந்து அமர்ந்து இருபது நிமிடமாகிறது, அக்காளின் கணவர், அவளுக்கு அத்தான், முப்பதாண்டு போர்டு வரைந்த கை, இப்போது இரண்டு அறைகளில் நான்கு பேரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பட்டறை நடத்தும் கை, அவருடைய இருமல் அவளுக்குத் தெரியும், இரண்டு சிறு இருமல், ஒரு பெரிய இருமல், தம்மினும் மேலான ஒருவர் அறைக்குள் வரும்போது மட்டும் அப்படி இருமுவார், சற்றுமுன் இருமினார், மானேஜர் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவமனைகளில் தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கான போர்டு அது, பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று மணி தவறாமல் குறித்துக்கொண்டே இருக்கும், மின்சாரம் போனால் குறிப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் உள்ளே இருக்கும் கடிகாரம் மட்டும் நிற்கக் கூடாது, மின்சாரம் திரும்பும்போது இத்தனை மணி நேரம் இருளில் கிடந்தோம் என்று அது சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் உள்ளிருக்கும் மருந்து குழந்தைக்குப் போடத் தக்கதா, குப்பையில் கொட்டத் தக்கதா என்பது தெரியும். அந்தக் கடிகாரத்துக்கு இருளில் சோறு போடுவது எது என்பதுதான் வழக்கு, வேறொரு நிறுவனத்தார் அனுப்பிய போர்டில் வட்டமான பட்டன் பேட்டரி, அத்தானின் போர்டில் விரல் நகமளவு சூப்பர் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தை மின்சாரமாகவே விழுங்கி வைத்துக்கொள்ளும் மின்தேக்கி, இரண்டில் ஒன்றுக்கு இன்று அவள் கையெழுத்து. வெள்ளிக்கிழமையே மானேஜர் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார், "தராசம்மா, நீங்க கையெழுத்துப் போட்டா எமனே மறு கேள்வி கேக்காம திரும்பிப் போயிடுவான், திங்கக்கிழம பன்னெண்டு மணிக்கு ரிப்போர்ட் மேல இருக்கணும், அவ்வளவுதான்." தராசு, அதுதான் இங்கே அவள் பெயர், இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் அளந்த அளவு எதுவும் தவறென்று திரும்பி வந்ததில்லை, ஒன்றைத் தவிர, அந்த ஒன்றைத் தவறென்றவர்தான் சுவருக்கு அப்பால் இருமுகிறார்.

ஏழாண்டுக்கு முன், பழைய நிறுவனத்தில், அவர் தலைமை வடிவமைப்பாளர், அவள் சோதனைப் பிரிவு, இதே குளிர்பெட்டி வேலைதான், அன்று அவர் வைத்தது சார்ஜ் ஏறும் பேட்டரி, அவள் அதை வெப்பப் பெட்டியில் பதினொரு நாள் வைத்தாள், பன்னிரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் பேட்டரிகள் செரியாத வயிறுபோல உப்பிக் கிடந்தன, ஒன்று கசிந்து, போர்டின் செம்புக் கோடுகளைப் பச்சைப் பச்சையாகத் தின்றிருந்தது. அளந்தாள், படம் எடுத்தாள், நான்காம் பக்கத்தில் எழுதினாள், இந்தச் சூட்டுக்குப் பேட்டரி ஆகாது, மின்தேக்கியை வையுங்கள், மூன்று நாள் தாங்கினால் போதும் என்று. அந்த நான்காம் பக்கம் கூட்டத்துக்கு வரவே இல்லை, உப்பிய கதையை அவள் எழுந்து வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர், அவர் எழுந்தார், குரலை உயர்த்தக்கூட இல்லை, ஒரு சிறு சிரிப்பு வேறு, "அந்த ரீடிங்க நம்ப முடியாது, ஓவன் சூடு ஏறியிருந்திருக்கு, அளந்தவங்க கவனிக்கல, வீட்டு மனுஷியாச்சேன்னு நானும் பெருசு பண்ணல" என்றார், வீட்டு மனுஷி... அந்தச் சொல்லுக்குப் பதினொரு பேரும் இரக்கத்தோடு முறுவலித்தார்களே, அந்த முறுவல் ஒவ்வொன்றையும் இன்றும் பல் வரிசையோடு வரைந்து காட்ட அவளால் முடியும். போர்டுகள் போயின, கோடை வந்தது, பேட்டரிகள் உப்பின, எங்கோ ஒரு மருத்துவமனையில் எட்டுக் குளிர்பெட்டி மருந்தை அள்ளிக் கொட்டினார்கள், விசாரணை வந்தது, கோப்பில் மூன்றாம் பக்கத்துக்கு அடுத்து ஐந்தாம் பக்கம் இருந்தது, சோதனைப் பிரிவு எழுத்தில் எச்சரிக்கவில்லை என்று சொல்லி அவளை வெளியே அனுப்பினார்கள். அன்று அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும், அளவைப் பொய்யென்றார், அளப்பவளிடம் அளவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அதன்பின் அக்காள் வீட்டு மேசையில் அவள் வாய் திறந்தபோது, "வீட்டுல வேலப் பேச்சு வேண்டாம்மா, சாப்பிடு" என்று அவரே அவள் தட்டில் அள்ளி வைத்தார், அந்தச் சோறு தொண்டையில் இறங்கிய வழியெல்லாம் இன்னும் காந்துகிறது, அக்காள் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அவருக்கும் மேல ஆளு இருக்காங்கல்லடி, அவரு மட்டும் என்ன செய்வாரு, விடு" என்றாள், விட்டுவிட்டாள் அக்காள், மூன்றே நாளில், அவள் பிறவியே அப்படி, மின்தேக்கிப் பிறவி, கோபம் ஒரு நிமிடத்தில் நிறையும், கண்கள் சிவக்கும், கதவுகள் அதிரும், மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அடியில் ஒரு சொட்டும் இருக்காது, எத்தனை ஆயிரம் முறை நிரப்பி வடித்தாலும் அவளுக்குத் தேய்மானமும் இல்லை. தங்கை பேட்டரி, மெல்லத்தான் ஏறும், ஏறியது பத்தாண்டு நிற்கும், உள்ளே என்ன வேதிவினை நடக்கிறதென்று வெளியே எவருக்கும் தெரியாது, உப்பினால்தான் தெரியும்... உப்பிவிட்டேனோ? இல்லை, இந்த ஏழாண்டும் எவரும் ஒரு சுளிப்பைக் கண்டதில்லை, அக்காள் மகளின் பட்டமளிப்பில் அவர் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டாள், சிரித்தும் இருக்கிறாள், படத்தை உற்றுப் பார்த்தால் இருவர் தோள்களுக்கும் நடுவே விரற்கடை அளவு வெளிச்சம் தெரியும், அந்த விரற்கடையில்தான் அவளுடைய செற்றம் அத்தனையும் குடியிருந்தது.

பழம்பாட்டு மன்னர்கள் வஞ்சினம் கூறினால் முரசறைந்து, படை கேட்க, பகைவர் செவியிலும் விழும்படி கூறுவர், இவள் கூறிய வஞ்சினத்தைக் கேட்டது குளியலறைக் கண்ணாடி ஒன்றுதான், ஆனாலும் வஞ்சினம் வஞ்சினமே. பிறர் பிறவாமை கேட்கும் நேரத்தில் இவள் கண்மூடிக் கைகூப்பிக் கேட்டது வேறு, ஐயனே, அழுதவர்க்கு இரங்குபவனே, அவரை என் மேசைக்கு அனுப்பு, ஒரே ஒருமுறை, அவர் செய்த ஒன்று என் கையில் அளக்கப்பட வேண்டும், வேறெதுவும் வேண்டேன்... கேட்டதைக் கேட்டபடியே கொடுப்பவனிடம் கேட்கும்போது எச்சரிக்கை வேண்டும் போலிருக்கிறது, நான்கு வாரத்துக்கு முன் பொட்டலம் வந்தது, பிரித்தால் உள்ளே அவருடைய போர்டு, பேட்டரி இல்லை, மின்தேக்கி! அவளுடைய நான்காம் பக்கம்தான், வரிக்கு வரி, செம்பில் எழுதப்பட்டு அவர் பட்டறை முத்திரையோடு வந்திருந்தது. அவள் தேடினாள், ஒரு குறை, ஒரே ஒரு குறை, மின்தேக்கியைச் சூடான சில்லுக்கு அருகில் வைத்திருப்பார் என்று பார்த்தாள், தொலைவான மூலையில் வைத்திருந்தார், மின்சாரத்தைத் திரும்பவிடாமல் தடுக்கும் டயோடில் கசிவு மிகுந்ததைப் போட்டிருப்பார் என்று பார்த்தாள், கசிவு மிகக் குறைந்ததைத் தேர்ந்திருந்தார், போர்டு அழகாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை, தான் பெற்றதைப் பகைவன் தோளில் கண்டவளின் வயிறு எப்படி எரியும், அப்படி எரிந்தது. மெய்யைச் சொன்னால் இந்த வேலைக்கு மின்தேக்கியே தக்கது, பட்டன் பேட்டரி ஆண்டுக்கணக்கில் தாங்கும், சரி, தீர்ந்தபின் மாற்றுவது யார், மருத்துவமனையில் எவர் ஏணி போட்டுக் குளிர்பெட்டி மேல் ஏறப் போகிறார், ஏறியவரும் தலைகீழாகத்தான் செருகுவார், மின்தேக்கிக்கு மாற்றுவாரும் வேண்டா, அதற்கென்று ஒரு நாளும் வேண்டா... இது அன்றே அவள் எழுதியதுதானே. ஆனால் மெய் என்ன செய்யும், கடிகாரம் நின்றுவிட்டதே! மின்தேக்கி மறந்துவிட்டதே! தாமே தம் கையால் செய்த போர்டு தம்மைக் கவிழ்த்தால் அதற்கு அவள் என்ன செய்வாள், தன் வினை தன்னைச் சுடும், அவள் விறகுகூட எடுத்து வைக்கவில்லை.

பேனாவைத் திறந்து படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதினாள், எழுத்து நேராக, உருண்டு, அழகாக விழுந்தது, இனி போர்டை வெளியே எடுத்து, உறையிலிட்டு, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இதற்காகத்தானே இத்தனையும். வெப்பப் பெட்டிக்குள் கையை விட்டுப் போர்டைத் தூக்கினாள், வரவில்லை, இலேசாகப் பிடித்து இழுத்தது, எது இழுக்கிறது என்று குனிந்து பார்த்தாள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகள், மின்தேக்கியின் இரு கால்களையும் முதலைக் கிளிப்புகள் கவ்வியிருந்தன, கம்பிகள் பெட்டியின் பக்கத் துளை வழியே வெளியே போயின, அவள் கண்களும் கூடவே போயின, மேசை ஓரத்தில், கையேடுகளின் பின்னே, பழைய மஞ்சள் மீட்டர், திரை இருண்டு, தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கினால் என்ன, திரைதான் தூங்கும், வயிறு தூங்காது, மாட்டியிருக்கும்வரை அது துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும், வெள்ளி, சனி, ஞாயிறு... நல்ல மீட்டர் சரிபார்க்கப் போயிருந்ததால் வெள்ளியன்று இதை எடுத்தாள், தொடக்க அளவு குறிக்க மட்டும், மூன்று புள்ளி இரண்டு வோல்ட், குறித்ததும் கழற்றிவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்வது இதைத்தான், "மீட்டர் சும்மா பாத்துக்கிட்டு நிக்குதுன்னு நெனைக்காதீங்க, அது விருந்தாளி மாதிரி, பாக்க வந்தேன்னு சொல்லி உக்காந்து சாப்பிட்டுடும்", எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்தாலும் மறக்கமாட்டார்கள்.

கணக்கு தானாக ஓடியது, வேண்டாமென்றாலும் நிற்காத கணக்கு, கடிகாரம் குடிப்பதும் மின்தேக்கி தானே கசிவதும் சேர்ந்து ஒரு பங்கு, இந்தப் பழைய மீட்டர் தனியாக அதுபோல் இரண்டு பங்குக்கும் மேல், மீட்டரோடு முப்பத்திரண்டு மணி நேரம், அதாவது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடிகாரம் நின்றிருக்கும், மீட்டர் இல்லையென்றால்... நூறு. நூறு மணி நேரம். வேண்டியதோ எழுபத்திரண்டு. போர்டு தோற்கவில்லை. அவள் நாற்காலியில் அமர்ந்தாள். படிவத்தைத் திருப்பினாள், தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை என்று ஏழு வரி, அவளே இயற்றிய ஏழு வரி, ஐந்தாவது, அளவுக் கருவி கழற்றப்பட்டது, அதற்கு நேரே ஒரு சரிக்குறி, அவளுடையதுதான், வால் நீண்ட குறி, அவள் எப்போதும் செய்துவிட்டுத்தான் குறியிடுவாள், இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் குறி முந்தியதில்லை, அன்று எப்படி முந்தியது? வெள்ளி காலை, மணி பத்துக்குச் சற்று முன், கையில் பேனா, எதிரே கிளிப்புகள், கைபேசி அதிர்ந்தது, அக்காள், "வேலையா இருக்கியா, ஒரு நிமிஷம் பேசிக்கட்டா? அவரு தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா, இந்த ஆர்டர் வரலேன்னா பட்டறைய மூடிடணும்ங்கிறாரு, நாலு பேர எங்க அனுப்புறதுன்னு அதே புலம்பல்... நீ பாத்து செய்யி, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதேடி", அவள் சொன்னாள், "நான் என் வேலையத்தான்க்கா செய்வேன்", "அதத்தான்டி நானும் சொல்றேன்", வைத்துவிட்டாள். அதன்பின்? அதன்பின் குறி போட்டாள், மின்சாரத்தை அறுத்தாள், பெட்டியைப் பூட்டினாள், கையேடுகளை எடுத்து மேசை ஓரத்தில் அடுக்கினாள்... மீட்டருக்கு முன்னே. ஏன் அங்கே அடுக்கினாள்? வேறிடம் இல்லையா?

சரி, இருக்கட்டும், எப்படியோ ஆகட்டும், யாருக்குத் தெரியும், தெரிந்தவை இரண்டு கிளிப்புகளும் ஒரு மீட்டரும், அவற்றுக்கு வாயில்லை. கடிகாரம் நின்றது என்பது மெய், படிவத்தில் எழுதியது ஒவ்வொன்றும் மெய், ஐந்தாம் வரி ஒன்றைத் தவிர, அந்த ஒன்றும் இதோ இப்போது கழற்றினால் மெய்யாகிவிடும், சற்றுப் பிந்திய மெய். அவராவது ஒரு பக்கத்தை உருவ வேண்டியிருந்தது, கிழிக்க வேண்டியிருந்தது, நெருப்பிலோ குப்பையிலோ சேர்க்க வேண்டியிருந்தது, அவளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, இரண்டு விரல், இரண்டு கிளிப்பு, மூன்று நொடி. ஐயனே, இதுவும் நீ அனுப்பியதா? என் கையைக்கொண்டே என் கணக்கைத் தீர்க்கிறாயா? நான் கேட்டது இப்படியா? சிவப்பைக் கழற்றினாள், கறுப்பைக் கழற்றினாள், கம்பியை மணிக்கட்டில் சுற்றி வளையமாக்கி மீட்டரோடு இழுப்பறைக்குள் வைத்தாள், இழுப்பறை எப்போதும்போல் பாதியில் சிக்கி, ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போனது. மருந்து என்ன ஆகும் என்று ஒரு குரல் கேட்டது, பட்டன் பேட்டரியும் தாங்கத்தானே செய்கிறது, மூன்று நான்கு ஆண்டு, அதற்குள் எவரேனும் ஏணி போடுவார்கள், போடாமலா போவார்கள்... அந்த வாதம் நொண்டியது, நொண்டிக்கொண்டே கூட வரட்டும். படிவத்தை எடுத்தாள், போர்டை உறையிலிட்டாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், எதற்குச் சரிசெய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே சரிசெய்தாள், கதவைத் திறந்தாள்.

அவர் எழுந்து நின்றார், இருமவில்லை, தலை இவ்வளவு நரைத்துவிட்டதா, அக்காள் வீட்டில் பார்க்கும்போது தெரிந்ததில்லையே, சட்டைப் பையில் அந்தப் பழைய சிறு பூதக்கண்ணாடி, பற்றவைத்த புள்ளிகளைப் பார்க்க எப்போதும் வைத்திருப்பது. "என்னம்மா, ஓடுதா?" என்றார். "நின்னுடுச்சு, அத்தான்." இரண்டே சொல், ஏழாண்டாய்த் தீட்டிய இரண்டு சொல், சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், இப்போது சொல்வார், ஓவன் ஏறியிருக்கும் என்பார், சொல்லட்டும், நிமிடத்துக்கு நிமிடம் ஓவன் சூடு குறித்த தாள் கையில் இருக்கிறது, அதை அவர் முன் விரிக்க வேண்டும், அதற்காகவே மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாள்... அவர் ஓவனைப் பற்றிப் பேசவே இல்லை. மெல்ல உட்கார்ந்தார். "நான் நாலு தடவ போட்டுப் பாத்தேன், நாலு தடவையும் தொண்ணூத்தெட்டு, நூறுன்னு வந்துச்சு. உங்கக்காகூட, புள்ள பொறந்தப்பகூட இப்படிக் காவல் காக்கலியே, ஒரு கடிகாரத்துக்கா இந்தப் பாடுன்னு திட்டினா" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதி வழியில் நின்றது. "அப்ப என் அளவுலதான் எங்கயோ தப்பு."

"அது எப்படிச் சொல்றீங்க?" அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை, வாய் கேட்டுவிட்டது. "நீ அளந்திருக்கியே" என்றார், மழை பெய்கிறது என்பதுபோல அவ்வளவு எளிதாக, "உன் அளவு தப்பாகாதும்மா. அன்னிக்கும் தப்பாகல. தெரிஞ்சுதான் அந்தப் பக்கத்த உருவினேன், தேதி தள்ளிப்போச்சுன்னா என் தலை உருளும்னு பயம்... இத்தன வருஷமா சொல்லணும்னுதான் இருக்கேன், நீ முன்னால வந்து உக்காந்தா, சாப்பிடுன்னுதான் வாயில வருது." கேட்டது இதுதானே, இந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நோன்பும், பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அவர் தோல்வியும் வந்தது, அவர் வாயாலேயே அறிக்கையும் வந்தது, இரண்டையும் முடிந்துகொண்டு போகலாம், வாய் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல் எதன்மேல் நிற்கிறது? உன் அளவு தப்பாகாது என்பதன்மேல், அதுவோ இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, இன்று, இந்தப் படிவத்தில், தவறு. இந்தத் தாளை இப்படியே விட்டால் அவர் கொடுத்தது கைக்கு வருமுன் கள்ளக்காசாகிவிடும், ஏழாண்டு காத்திருந்து வாங்கும் ஒன்றைக் கள்ளமாகவா வாங்குவது? இரக்கம் என்று எவரும் எண்ண வேண்டா, அவர்மேல் இரக்கம் எள்ளளவும் எழவில்லை, அந்த ஒரு வாக்கியம் முழுதாக வேண்டும் என்ற பேராசைதான் எழுந்தது, அதற்காக எதையும் கொடுக்கலாம் என்றிருந்தது.

"மீட்டர் மாட்டியிருந்துச்சு" என்றாள். அவர் நிமிர்ந்தார். "எங்க?" "கெப்பாசிட்டர்லயே, மூணு நாளும்." "எந்த மீட்டர்?" "பழசு, அந்த மஞ்சள்." அவர் கண்ணை மூடிக்கொண்டார், கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஓடியது, உதடு அசைந்தது, முப்பது, முப்பத்திரண்டு... "சனிக்கிழம சாயங்காலம்" என்றார் அவர், "ஆறு மணி" என்றாள் அவள், ஒரே மூச்சில் வந்த இரண்டு குரல்கள், ஒரு கணம் அங்கே அத்தானும் இல்லை, மைத்துனியும் இல்லை, கணக்குத் தெரிந்த இருவர் மட்டும் இருந்தார்கள், அந்தக் கணம் அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது, இனிமையாகவும் இருந்தது. "மறுபடி போடணும்" என்று விரைந்து சொன்னாள், "மானேஜர்கிட்ட இன்னும் மூணு நாள் கேக்கறேன், என் தப்புன்னு எழுதியே குடுத்துடறேன்", சொல்லும்போதே மானேஜரின் புருவம் தெரிந்தது, தராசுக்கே இப்படியா என்று கூடத்தில் தொடங்கப் போகும் முணுமுணுப்பும் கேட்டது, கேட்கட்டும். மகிழ்வார் என்று பார்த்தாள், பட்டறை பிழைத்தது, நால்வர் பிழைத்தனர், ஆனால் அவர் மகிழவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளை அளவு எடுக்கத் தெரிந்தவர்போல, நெடுநேரம்.

"நீயா?" என்றார், "மறந்துட்டியாம்மா?" அதில் குத்தல் இல்லை, ஏளனம் இல்லை, கருவியின் முள் எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே குறித்துக்கொள்ளக் காத்திருப்பவரின் கேள்வி அது. ஆமாம் என்று ஒரு சொல், அதற்குமேல் வேண்டியதில்லை, வாயைத் திறந்தாள்... வெள்ளிக்கிழமையின் அந்தக் கையைத் தேடினாள், அக்காளின் குரல் அடங்கிய பின், பேனா குறி போடுமுன், கை கிளிப்பை நோக்கிப் போனதா, போய்த் திரும்பியதா, திரும்பும்போது உள்ளம் எங்கே இருந்தது, பேனாவின் குளிர்ச்சி நினைவிருக்கிறது, கையேடுகளின் தூசி நினைவிருக்கிறது, நடுவே அந்த இரண்டு நொடி மட்டும் இல்லை, மறந்தாளா, மறக்க விட்டாளா... அளக்க எந்தக் கருவியை வைப்பது, வைத்தால் அது எத்தனை குடிக்கும்... அவர் காத்திருந்தார், ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடுவார், அவள் சொன்னால் நம்புவதென்று சற்றுமுன்தானே முடிவு செய்தார், உலகில் அவள் அளவை ஐயமின்றி ஏற்கும் ஒரே மனிதர் எதிரே அமர்ந்து காத்திருக்கிறார், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை, திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவள்...